பட்டை உரிக்காத கிண்ணம்

மரத்துண்டோடு என்னைத் தேடி வருகிறவர்களுக்கு ஏதாவது ஒரு ஆசை இருக்கும். மாமனார் விட்டுப்போன மேஜை அபூர்வமான மரமாக இருக்க வேண்டும். புயலில் கொல்லையில் சாய்ந்தது அடுப்புக்குப் போகாமல் வயலின் செய்கிறவனிடம் போய்ச் சேர வேண்டும். நான் பார்த்துவிட்டு, ரெட் கம், இங்கே எங்கும் நிற்கிற சாதாரண யூகலிப்டஸ் என்பேன். முகம் விழுந்துவிடும். ஒரு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைப்பேன். மரங்களைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தே ஆய்வுக்கூடத்தில் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் என் சமையலறை மேஜைக்கு யாராவது ஒரு கட்டையோடு வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

நோலீன் பெட்ச் வந்தது ஏப்ரலில், குளிர் ஆரம்பித்திருந்த ஒரு காலையில். ஸ்டாவல் பக்கத்துக் கோதுமைப் பண்ணைக்காரி, அறுபதைத் தாண்டியவள். பாத்திரம் துடைக்கும் துணியில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வாசலில் நின்ற காரில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்காரரா? உள்ள வரச் சொல்லுங்களேன், குளிருது."

"வரமாட்டார். கிளைவை வண்டிய விட்டு இறக்கறதுக்குள்ள மாட்டையே இறக்கிடலாம். விடுங்க."

துணியைப் பிரித்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு உப்புக் கிண்ணம். கடைசலில் போட்டதல்ல, கையால் குடைந்து அரத்தால் தேய்த்தது. கறுப்பென்றுதான் முதலில் தோன்றியது. ஜன்னல் பக்கம் திருப்பியதும் உள்ளுக்குள் அடர்ந்த சிவப்பு தெரிந்தது. ஒரு பக்க விளிம்பில் மட்டும் பட்டையை உரிக்காமல் அப்படியே விட்டிருந்தான் செய்தவன்.

"இது என்ன மரம்னு சொல்லணும். எங்க வளர்றதுன்னும் சொல்லணும். அதுதான் எனக்கு முக்கியம்," என்றாள்.

"உங்களுக்கு எங்க கிடைச்சது?"

"ஸ்டாவல்ல, பழைய சாமான் கடையில. கேரவன்ல நாடு பூரா சுத்தின ஒரு வயசான ஜோடி, ரெண்டு பேரும் செத்துட்டாங்க. வீட்டைக் காலி பண்ணி பெட்டி பெட்டியா கொண்டாந்து போட்டிருக்காங்க. இதை எந்த ஊர்ல வாங்கினாங்கன்னு கேக்க ஆளே இல்ல." கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டாள். "செஞ்சது என் மகன்."

அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவள் கைப்பைக்குள்ளிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இது ரெட் கம், பழையது, பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தது. ஆனால் இரண்டும் ஒரே கையின் வேலை. ஒரு பக்கம் சற்றே சரிந்த அதே வடிவம். இடது கைக் கட்டைவிரலை அழுத்திப் பிடிக்க விளிம்புக்குக் கீழே அதே பள்ளம். பட்டையும் அதே இடத்தில்.

"பதினாலு வயசுல பண்ணினது இது. ஷேன் இடக்கைக்காரன். பட்டைய விட்டா பூச்சி வரும்டா, வேலைய ஒழுங்கா முடிடான்னு கிளைவ் கத்துவார். 'மரத்துலேர்ந்து வந்ததுன்னு தெரிய வேணாமாப்பா'ம்பான் அவன். ரெண்டு பேருக்கும் எல்லாத்துக்கும் சண்டை. கடைசியா ஒரு அறுப்பு சமயத்துல, பண்ணை எனக்கு வேண்டாம்னான். வேண்டாம்னா இந்த வீட்டுல உனக்கு என்ன வேலைன்னார் இவர். அன்னிக்கே பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எட்டு வருஷம் தாண்டிடுச்சு."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னோம். வளர்ந்த ஆம்பளை, அவனே ஒளிஞ்சுக்கிட்டா நாங்க என்ன பண்றதுன்னாங்க."

கிண்ணத்தின் அடியில் ஒரு சீவலும் பட்டையில் நகமளவும் வேண்டும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். உளியை எடுத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உளி இறங்கவே மறுத்தது. வைரம் பாய்ந்த கட்டை என்போமே, இது வைரத்துக்கும் மேலே. தண்ணீரில் போட்ட துணுக்கு கல்லைப் போல அடியில் போய் உட்கார்ந்தது. லென்ஸில், கரிய பரப்பில் அங்கங்கே துளைகள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெளிறிய வளையம். யூகலிப்டஸ் குடும்பம் இல்லை. வாட்டில் எனப்படும் வேல இனத்தைச் சேர்ந்த மரம், மழை பார்க்காத உள்நாட்டில் வளர்வது. அந்த இனத்தில் நூற்றுக்கணக்கான மரங்கள் இருக்கின்றன. கட்டையை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு மேல் போவது கஷ்டம். பட்டையை ஒரு சின்னத் தட்டில் வைத்து வெந்நீர் தெளித்தேன்.

"இப்ப மோந்து பாக்கணும்," என்றேன். "கிட்ஜின்னு ஒரு மரம். ஈரம் பட்டா பட்டையும் இலையும் நாறும், காஸ் கசியற மாதிரி."

"கிளைவோட சாக்ஸ விடவா?"

"அதை நான் மோந்ததில்லையே."

அவள் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நாறினா நல்லதா, கெட்டதா?"

"கிட்ஜின்னா கெட்டது. குயின்ஸ்லாந்துல பாதி தூரம் அதுதான் வளருது. எங்கன்னு தேடுவீங்க?"

இருவரும் தட்டின் மேல் குனிந்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஈர மண் வாசனையைத் தவிர எதுவும் இல்லை. இன்னொரு முறை தெளித்துக் காத்திருந்தோம். அப்போதும் இல்லை. நனைந்த பட்டை நார்நாராகப் பிரிந்து வந்தது. கிட்ஜியின் பட்டை அப்படிப் பிரியாது. எனக்குள் ஒரு பெயர் எழுந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பழைய ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் எனக்காக மாதிரிப் பெட்டிகளைத் திறந்து வைத்தார்கள். என் சீவலை அவற்றோடு வைத்துப் பார்த்தேன். பார்த்ததையே மறுபடியும் பார்த்தேன். தவறாகச் சொன்னால் அந்தத் தாய் தவறான பாலைவனத்துக்குப் போவாள்.

அடுத்த வாரம் அவளை வரச் சொன்னேன். இந்த முறை கிளைவும் உள்ளே வந்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவருகிலேயே நின்றார். உயரமான மனிதர், என் சமையலறை அவருக்குத் தாழ்வாக இருந்தது.

"வாடி மரம்," என்றேன். "சிம்ப்சன் பாலைவனத்தோட ஓரத்துல மட்டும்தான் இருக்கு. மொத்தமே மூணு இடம். குயின்ஸ்லாந்துல போலியாங்கற ஊர்ப் பக்கம் ஒண்ணு, பேர்ட்ஸ்வில் பக்கம் ஒண்ணு, குயின்ஸ்லாந்து எல்லைக்கு அந்தப்பக்கம் ஒண்ணு. உலகத்துல வேற எங்கயும் கிடையாது."

நோலீன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவன் அங்க இருக்கான் ஐரிஸ்."

"மரம் அங்க இருக்கு நோலீன். ஆள் இருக்கான்னு கட்டை சொல்லாது."

"வேற என்ன சொல்லுது?" இதைக் கேட்டது கிளைவ்.

"பாதுகாக்கப்பட்ட மரம், யாரும் வெட்டக் கூடாது. விழுந்த கிளையிலதான் செஞ்சிருப்பான். காஞ்சு ரொம்ப வருஷமான கட்டையில பட்டை நிக்காது, கழண்டுடும். இதுல கட்டையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அதனால இது பழைய தூணோ எங்கயோ வாங்கின பலகையோ இல்ல. கிளை விழுந்த கொஞ்ச காலத்துலயே, அந்த மரத்துக்குப் பக்கத்துல இருந்த ஒருத்தன் எடுத்திருக்கான்."

கிளைவ் மேஜையருகே வந்து கிண்ணத்தை முதல்முறையாகக் கையில் எடுத்தார். பட்டையின் மேல் விரலை ஓட்டினார். "பட்டைய எடுத்திருந்தா?"

"மூணு இடம்னு இவ்வளவு நிச்சயமா சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தெற்கேர்ந்து போனா பேர்ட்ஸ்வில்தான் முதல்ல வரும்," என்றார். "வெயில் காலம் வர்றதுக்குள்ள போகணும்."

மரத்தை அடையாளம் காட்ட நானும் வர வேண்டும் என்று நோலீன் கேட்டாள். உண்மையில் கிளைவோடு அவ்வளவு தூரம் ஒரே காரில் தனியாகப் போக அவளுக்குத் தைரியம் இல்லை. அது எனக்குப் புரிந்தது. ஜூலையில் கிளம்பினோம். ப்ரோக்கன் ஹில் தாண்டும் வரை தார் ரோடு. மாரீயிலிருந்து கல்லும் புழுதியும். கிளைவ் நிதானமாக ஓட்டினார். நோலீன் பின்சீட்டில் என்னோடு உட்கார்ந்து ஓயாமல் பேசினாள். கண்டதும் அவனைத் திட்டுவாளாம். பிறகு சாப்பிட வைப்பாளாம். தலை நரைத்திருக்குமா என்று ஒரு தடவை கேட்டாள். "முப்பத்து மூணு வயசுக்கு நரைக்குமா?" என்றேன். "அவங்க அப்பாவுக்கு நரைச்சது," என்றாள். முன்சீட்டில் கிளைவ் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

மரங்களைத்தான் முதலில் பார்த்தோம். ஊருக்கு வடக்கே, கல் பரந்த சமவெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மெல்லிய தொங்கும் கிளைகளோடு நின்றன. காற்று ஊசி இலைகளுக்குள் புகுந்து மூச்சு விடுகிற மாதிரி ஒரு ஓசை. நோலீன் ஒரு மரத்தடியில் நின்று பட்டையில் உள்ளங்கையை வைத்தாள். "இதுதானா?" என்றாள். நான் தலையாட்டினேன். நான் கண்டு சொன்ன மரங்களில் எதன் முன்னாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்தான்.

ஊரில் பெவ் கலினன் என்பவளின் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். ஐம்பது வயதிருக்கும், பெரிய குரல்காரி. மூன்று பேருக்கும் சாப்பாடு சொன்னோம். நோலீன் பொறுக்க முடியாமல் கிண்ணத்தை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"அட! மிக்கோட கிண்ணம்!" என்றாள் பெவ். "உங்களுக்கு எப்படிக் கிடைச்சது? ஊர்ல எல்லார் வீட்லயும் ஒண்ணு இருக்கு. இதோ பாருங்க." அடுப்புக்குப் பக்கத்திலிருந்து உப்போடு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "டூரிஸ்ட்டுக்குக் கூட சும்மா கொடுத்துடுவான். சரியான பைத்தியக்காரன்."

"மிக்கா?" என்றாள் நோலீன்.

"மிக் டன். வேலி போடறவன். பக்கத்துப் பண்ணையில இருந்தான்."

"இடது கையா?"

"ஆமா. பீர் பாட்டிலத் திறக்கறதும் இடது கைதான்."

நோலீன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பழைய போட்டோவை எடுத்து நீட்டினாள். "ஷேன். பேரு ஷேன். நான் அவன் அம்மா. இப்ப எங்க இருக்கான்?"

பெவ் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய பெரிய குரல் காணாமல் போயிற்று. கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்து நோலீனின் இரண்டு கைகளையும் பிடித்து, "உக்காரும்மா," என்றாள். "முதல்ல உக்காரு."

போன ஜனவரிக்கு முந்தின ஜனவரி, கொளுத்தும் வெயில் காலம் என்று ஆரம்பித்தாள். தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துவரப் போன இடத்தில் வண்டி நின்றுவிட்டது. ரேடியோ வேலை செய்யவில்லை. வண்டியை விட்டு நகரக் கூடாது என்று அவனுக்கும் தெரியும். ஏனோ நடந்திருக்கிறான். தேடிப் போனவர்கள் மறுநாள் சாயங்காலம் கண்டெடுத்தார்கள். ஒரு மரத்தின் நிழலில் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தானாம். ஊரே வந்து அடக்கம் செய்தது. சட்டைப்பையில் அவன் யார் என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை. சொல்லியிருந்த பெயரையே கல்லறையில் எழுதினார்கள்.

நோலீன் அழவில்லை. கதை கேட்கும் குழந்தையைப் போல பெவ்வின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்களைப் பத்தி ஏதாவது சொல்லுவானா?"

"யாராவது இருக்காங்களாடான்னு கேட்டா, அம்மா இருக்காங்கம்பான். ஊரைச் சொல்லமாட்டான்." பெவ் வெளியே கையைக் காட்டினாள். "அந்த ஃபோன் பெட்டி தெரியுதா? அவன் போறதுக்கு முந்தின கிறிஸ்மஸ் அன்னிக்கு அதுல நின்னுக்கிட்டிருந்தான். ரொம்ப நேரம் காதுல வெச்சிருந்தான், வாயே திறக்கல. உள்ள வந்ததும், யாரும் எடுக்கலியாடான்னு கேட்டேன். எடுத்தாங்கன்னான். அப்புறம் ஏன் பேசலன்னேன். அவர் ஒரு வார்த்தை சொன்னா பேசிடலாம்னு இருந்தேன் பெவ், அப்படீன்னான்."

கடையில் வேறு யாரும் இல்லை. நோலீன் மெல்லத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். கிளைவ் கல்லாவில் இரண்டு கைகளையும் ஊன்றித் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.

"அன்னிக்கு ஃபோன் வந்துச்சு," என்றாள் அவள். "தப்பு நம்பர்னு சொன்னே."

"ஆமா."

"தப்பு நம்பரா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "மூச்சு விடறதுலயே தெரிஞ்சுபோச்சு நோலீன். அவன்தான்னு தெரிஞ்சுச்சு. டேய்னு கூப்பிட வாயத் திறந்தேன். வரல. அவன் பேசட்டும்னு நின்னேன். அவனும் பேசல."

"எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டிருந்தே?"

"ரொம்ப நேரம்."

"நான் எங்க இருந்தேன்?"

"பின்னாடி. துணி காயப் போட்டுக்கிட்டிருந்தே."

"கூப்பிட்டா கேக்கற தூரம்."

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள், ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்டதைப் போல. எழுந்து பெவ்விடம், "எங்க வெச்சிருக்கீங்க அவனை, காட்டும்மா," என்றாள்.

கல்லறைத் தோட்டம் ஊரோரத்தில், ஒரு மரம்கூட இல்லாத வெளியில். அவள் மண்ணில் உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் படுத்துக்கொண்டாள். பெவ் தன் பெரிய தொப்பியால் அவள் முகத்துக்கு வெயில் மறைத்து நின்றாள். கிளைவ் கம்பி வேலிக் கதவு வரை வந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை. அவராகவே அங்கேயே நின்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். வரும்போது கிண்ணத்தையும் கொண்டுவந்தார்கள். சிலதில் உப்பு, ஒன்றில் திருகாணிகள், ஒரு கிழவனுடையதில் சிகரெட் சாம்பல். மேஜை நிறைந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஒரு பக்கம் பட்டை. நோலீன் ஒவ்வொன்றையும் எடுத்துக் கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார்கள்.

"உங்களுக்குன்னு செஞ்சதை நான் எப்படி எடுக்கறது?" என்றாள்.

தொப்பியைக் கழற்றாத ஒரு மாட்டுக்காரர் சொன்னார்: "அம்மா, அவன் பண்ண சமையல் சாப்பிட்டிருக்கீங்களா? அதுக்கு இந்தக் கிண்ணத்தையே கடிக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. ஒரு பெண்மணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். யார் அவள் என்றுகூட நோலீனுக்குத் தெரியாது.

உடலை ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். "அவனுக்கு இங்க ஆளுங்க இருக்காங்க." கல்லில் மிக் டன் என்ற பெயரை அழிக்காமல், அதற்கு மேலே ஷேன் பெட்ச் என்று வெட்டச் சொன்னாள். திரும்பும்போது காரில் ஏறவில்லை. தபால் விமானத்தில் இடம் இருந்தது, அதில் போனாள். நானும் கிளைவும் வந்த வழியே திரும்பினோம். பாதி தூரம் நான்தான் ஓட்டினேன்.

நோலீன் பண்ணைக்குத் திரும்பவில்லை. வாரனம்பூலில் தங்கை வீட்டில் இருக்கிறாள். கிளைவ் என்னிடம் கேட்டுக்கொண்டதால் ஒருமுறை அவளிடம் பேசிப் பார்த்தேன். மன்னிக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"பையனைப் போன்னு சொன்னார், அதை எப்பவோ மன்னிச்சுட்டேன் ஐரிஸ்," என்றாள். "அவன் செத்துப் போனதை முன்பின் தெரியாத ஒருத்தி என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. அவன் உயிரோட கூப்பிட்டதை இவர் சொல்லலையே. ஒரு சத்தம் கொடுத்திருந்தா நான் ஈரத் துணியோட ஓடி வந்திருப்பேனே."



வருஷா வருஷம் குளிர் காலத்தில் இருவரும் பேர்ட்ஸ்வில் போகிறார்கள், தனித்தனியாக. அவள் ஜூனில், அவர் ஆகஸ்டில். பெவ் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறாள். போன வருஷம் மழை வந்து பாதையெல்லாம் வெள்ளமாகி அவளுடைய பயணமும் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போயிற்று. நோலீன் கல்லறையில் இருக்கும்போது கிளைவ் வந்து நின்றாராம். அவள் எழுந்து போகவில்லை. பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி மூடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாளாம். அவர் குடித்தாராம். பிறகு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஊர் திரும்பியதும் கிளைவ் எனக்கு ஃபோன் செய்தார். "டீ கொடுத்தா," என்றார். "ஒரு வார்த்தை பேசல."

"நீங்க பேசினீங்களா?"

மறுமுனையில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"இல்ல," என்றார்.